நிலவறையில் முதிரும் பியர்

இங்கிலாந்தின் மத்தியப் பிரதேசத்தில், ட்ரென்ட் நதிக்கரையில் அமைந்த பர்ட்டன் நகரில், பாஸ் என்னும் புகழ்பெற்ற பியர் ஆலையின் பழைய நிலவறைகளில், 2006-ஆம் ஆண்டு, தக்கையடைத்து முத்திரையிட்ட பழம்புட்டிகள் பல வெளிப்பட்டன. அவற்றுட் சில, அந்த ஆலையின் கூட்டாளிகளான ராட்கிளிஃப் குடும்பத்தில் ஓர் ஆண் மகவு பிறந்ததைக் கொண்டாடும் பொருட்டு 1869-இல் காய்ச்சப்பட்ட விசேஷ பியர் அடங்கியவை. பிறந்த குழந்தை வளர்ந்து, மூத்து, மறைந்து, இரண்டு உலக யுத்தங்களும் வந்து போய், அந்த ஆலையே கைமாறிய பின்னும், திறந்து பார்த்தபோது அப்பானம் அருந்தத் தக்கதாகவே இருந்தது என்பது, பியரை ஒரு மாலைப்பொழுதின் தாகசாந்திக்கு மட்டுமே உரிய அற்ப ஆயுளுள்ள பதார்த்தமாகக் கருதிப் பழகியவர்களுக்கு நம்ப முடியாத செய்தியாகத் தோன்றலாம். கடையில் விற்கும் சாதாரண பியர் ஆறு மாதத்திலேயே ருசி மங்கிப் போகையில், அதே பார்லியும் அதே ஹாப் பூவும் அதே ஈஸ்டும் நீரும் சேர்ந்த இன்னொரு பியர் நூறாண்டுக்கு மேல் உயிர் தரித்திருப்பது எங்ஙனம்?

விடை, பியரைக் கெடாமல் காப்பது வேறு, அதை முதிர விடுவது வேறு என்பதில் தொடங்குகிறது. கெடாமல் காக்க விரும்புகிறவன் காலத்தைத் தடுக்கப் பார்க்கிறான். முதிர விடுகிறவனோ காலத்தையும் ஒரு சேர்மானமாக ஏற்றுக்கொள்கிறான். புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் உள்ள பேதத்தை அறிந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பியரின் விஷயத்தில் காலம் சற்றுக் கடுமையான பங்காளி. முதலில் அது எடுத்துக்கொள்ளும், பிறகுதான் கொடுக்கும். எடுத்துக்கொண்ட பின்னும் எஞ்சி நிற்பதற்கு ஏதேனும் இருக்கும் பியரை மட்டுமே வைத்துப் பார்க்கலாம். அத்தகைய பியரை இனங்காண்பதே இந்தக் கலையில் முக்கால் பங்கு என்பது என் அபிப்பிராயம்.

இது நேற்று முளைத்த பொழுதுபோக்கு அன்று. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வாழ்க்கை முறையை விவரித்து எழுதிய வில்லியம் ஹாரிசன் என்னும் பாதிரியார், பிரபுக்களின் பந்தியில் பரிமாறப்பட்ட பியர் பெரும்பாலும் ஓராண்டோ இரண்டாண்டோ முதிர்ந்ததாக இருந்தது என்றும், அது மார்ச் மாதத்தில் காய்ச்சப்பட்டது என்றும் குறித்திருக்கிறார். குளிர்சாதனம் கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில், கோடையின் வெப்பத்தில் காய்ச்சிய பியர் கிருமிகளால் எளிதிற் புளித்துக் கெட்டுப் போகுமாதலால், ஆண்டு முழுமைக்கும் வேண்டிய கனத்த பியரைக் குளிர் தொடங்கும் அக்டோபரிலோ, குளிர் முடியும் மார்ச்சிலோ காய்ச்சி நிலவறையில் இறக்கிவிடுவது நிலச்சுவான்தார்களின் வீடுகளில் நெடுங்காலம் நிலவிய சம்பிரதாயமாகும். அவற்றுள் அக்டோபர் பியருக்குத் தனி மதிப்பு இருந்தது. வாரிசு பிறந்த ஆண்டில் ஒரு பெரும் பீப்பாயை நிரப்பி மூடி, அவ்வாரிசு இருபத்தொரு வயது நிரம்பி உரிமைகளை ஏற்கும் நாளில் அதைத் திறந்து உறவினருக்கும் குடியானவர்களுக்கும் வழங்குவது அவ்வீடுகளின் விமரிசையான சடங்குகளில் ஒன்று. ராட்கிளிஃப் குடும்பம் 1869-இல் செய்ததும் இந்தப் பழைய வழக்கத்தின் நீட்சியே.

இந்த அக்டோபர் பியரின் சரித்திரத்தில் நம் கடற்கரையும் இடம்பெறுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் புறப்படும் துறைக்குச் சமீபத்தில், கிழக்கு லண்டனின் போ என்ற இடத்தில் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்சன் என்பவர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹாப் மிகுதியாகச் சேர்ந்த இத்தகைய பியரைக் கப்பல் தலைவர்களுக்குக் கடனுக்குக் கொடுத்தார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, பல மாதங்கள் அலைகளில் ஆடி, வெப்பத்திலும் குளிரிலும் மாறி மாறி நனைந்து, அப்பீப்பாய்கள் சென்னையிலும் கல்கத்தாவிலும் கரை சேர்ந்தபோது, ஊரில் நிலவறையில் வைத்தால் வருஷக் கணக்கில் வந்திருக்க வேண்டிய பக்குவம் வழியிலேயே வந்து சேர்ந்திருந்தது. 1820-களில் கம்பெனியின் தூண்டுதலால் பர்ட்டனைச் சேர்ந்த ஆல்சாப்பும் பிறகு பாஸும் அந்த வியாபாரத்தில் புகுந்து ஹாட்ஜ்சனை முந்திக்கொண்டார்கள். இன்று உலகெங்கும் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்ற பெயரில் விற்கும் பியர், புதிதாக அருந்த வேண்டியதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. அதன் மூதாதையோ முதிர்ந்து வந்ததற்காகவே கொண்டாடப்பட்டது.

லண்டனிலும் முதிர்ந்த பியருக்குத் தனிக் கிராக்கி இருந்தது. கருமையான போர்ட்டர் பியரைப் பிரம்மாண்டமான மரத்தொட்டிகளில் மாதக் கணக்கில் தேக்கி வைத்துப் பிறகு விற்பதில் ஆலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. 1814-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், டாட்டன்ஹாம் கோர்ட் வீதியருகே மியூக்ஸ் ஆலையின் 22 அடி உயரத் தொட்டியொன்று உடைந்து, பியர் வெள்ளமாகப் பாய்ந்து, அக்கம்பக்கத்து ஏழைக் குடியிருப்புகளில் இருந்த எட்டுப் பேர் மாண்டனர் என்பதிலிருந்து அத்தொட்டிகளின் பரிமாணத்தை ஊகிக்கலாம். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜனங்களின் ருசி இளமையான, மிருதுவான பியரை நாடிற்று. முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டின் மீதிருந்த வரி 1880-இல் பியரின் கனத்தின் மீதே மாற்றப்பட்டது. முதல் உலக யுத்தத்தின் தானியக் கட்டுப்பாடு பியரின் வீரியத்தை மேலும் குறைத்தது. முதலை முடக்கி வருஷக் கணக்கில் காத்திருக்க எந்த ஆலைக்கும் மனமில்லாமற் போயிற்று.

இடையிலும் சில தீபங்கள் அணையாமல் இருந்தன. லண்டனின் சதர்க்கில் த்ரேல் குடும்பத்தின் ஆலையில் தோன்றி, ருஷ்யச் சக்கரவர்த்தினி காத்தரீனின் அரண்மனைக்கு ஏற்றுமதியான கனத்த ஸ்டவுட், பார்க்ளே பெர்கின்ஸ் வசமாகி, பிறகு கரேஜ் நிறுவனத்தின் 'இம்பீரியல் ரஷ்யன் ஸ்டவுட்' என்ற பெயரில், காய்ச்சிய ஆண்டைச் சீட்டில் பொறித்து இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை வெளிவந்தது. 1968-இல், நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி மறைந்து நாற்பதாண்டு நிறைந்ததை ஒட்டி டார்செஸ்டர் நகரில் நடந்த விழாவுக்காக, அவ்வூரின் எல்ட்ரிட்ஜ் போப் ஆலை, அவர் பெயரிலேயே ஏறத்தாழ 12 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு பியரைக் காய்ச்சிற்று. டார்செஸ்டரின் வீரியமிக்க பியரை ஹார்டி தம் 'ட்ரம்பெட் மேஜர்' நாவலில் புகழ்ந்திருந்ததே அதற்குத் தூண்டுகோல். இருபத்தைந்து ஆண்டு வரை புட்டியில் முதிரும் என்ற உறுதிமொழி தாங்கிய அந்தப் பியர்தான், நிலவறையே இல்லாத சாமானியக் குடும்பஸ்தனும் மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரியில் நாலு புட்டியை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம் என்ற ஆசையை மீண்டும் விதைத்தது. மான்செஸ்டர் பக்கத்து லீஸ் ஆலையின் 'ஹார்வெஸ்ட் ஏல்' 1986-லிருந்தும், லண்டன் சிஸ்விக்கின் ஃபுல்லர்ஸ் ஆலையின் 'விண்டேஜ் ஏல்' 1997-லிருந்தும் ஆண்டுதோறும் வெளிவரலாயின. பிரபுக்கள் கைவிட்ட வழக்கத்தை நடுத்தர வகுப்பார் எடுத்துக்கொண்டார்கள். இது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளிக்கும் மாற்றம்.

புட்டிக்குள் நடப்பது என்ன? முதலில் ஹாப்பின் மணம் போகும். புதிய பியரின் மூக்கைத் துளைக்கும் வாசனை சில மாதங்களிலேயே மெலிந்துவிடும். அடுத்து, கசப்பைத் தரும் ஐசோ-ஆல்பா அமிலங்கள் மெல்லச் சிதைந்து, நாவைப் பிடித்துக்கொண்டிருந்த கசப்பு தளர்ந்து, அதன் மறைவில் இருந்த மால்ட்டின் இனிமை முன்னே வரும். ஈஸ்ட் உண்டாக்கிய பழமணங்களிலும் இதே போக்கும் வரவும் உண்டு. வாழைப்பழ மணத்துக்குக் காரணமான ஐசோஅமைல் அசிடேட் போன்ற இளமைக்குரிய எஸ்டர்கள் குறைய, ஆல்கஹாலும் அமிலங்களும் மெதுவாகக் கூடிப் புதிய எஸ்டர்கள் பிறந்து, திராட்சை வற்றலையும் பேரீச்சையையும் நினைவூட்டும் ஆழ்ந்த வாசனைகள் எழும். தொண்டையைச் சுட்ட ஆல்கஹாலின் உஷ்ணம் நாளடைவில் தணிந்து, உடம்புக்குள் பரவும் இதமான வெதுவெதுப்பாக மாறிவிட்டதென்று அருந்துவோர் கூறுவர்.

இவை அனைத்துக்கும் மேலாக நின்று ஆட்சி செய்வது பிராணவாயு. புட்டியில் அடைக்கும்போது புகுந்துவிட்ட சிறு அளவும், மூடியின் உள்விளிம்பு வழியே வருஷக் கணக்கில் கசிந்து நுழைவதும் சேர்ந்து பியரை மெதுவாக ஆக்ஸிகரணம் செய்கின்றன. வெளிறிய லேகர் பியரில் இதன் விளைவு கொடியது. ட்ரான்ஸ்-2-நோனினால் என்னும் பொருள் தலையெடுத்து, நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை வீசும். ஆனால் வறுத்த மால்ட்டும் நெடுநேரக் கொதிப்பும் தந்த மெலனாய்டின்கள் நிறைந்த கருமையான, கனத்த பியரில் அதே பிராணவாயு வேறொரு காரியம் செய்கிறது. அப்பொருள்கள் ஆக்ஸிகரணத்தின் முதல் தாக்குதலைத் தாங்கிக்கொண்டு தாமே உருமாறுவதால், ஷெர்ரி, மதீரா முதலிய பழைய திராட்சை மதுக்களின் மணமும், வெல்லப்பாகின் மணமும், வறுத்த வாதுமையின் மணமும் தோன்றுகின்றன. ஒரே வாயு ஒன்றைக் கெடுத்து மற்றொன்றைப் பக்குவப்படுத்துகிறதென்றால், வேற்றுமை வாயுவில் இல்லை, அதை எதிர்கொள்ளும் சரீரத்தில் இருக்கிறது.

வடிகட்டி ஈஸ்டை நீக்காமல் உயிருள்ள ஈஸ்டோடு அடைத்த பியருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. அந்த நுண்ணுயிர்கள் தொடக்கத்தில் எஞ்சிய பிராணவாயுவை உண்டு பியரைக் காக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவையும் மடிந்து, உடல் கரைந்து, பியரில் ஒருவிதக் குழம்புச் சாரத்தின் சுவையைச் சேர்க்கின்றன. கொஞ்சமாக இருக்கும்வரை அது ஆழம். மிகுந்துவிட்டால் சோயா சாஸின் உப்புக்கரிப்பான வாடையாகி, மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். முதுமையின் எல்லையைக் காட்டும் அடையாளங்களில் இது நம்பத் தகுந்தது.

ஆகவே, வைத்துப் பார்க்கத் தக்கவை, ஆல்கஹால் 8 சதவீதத்துக்குக் குறையாத, மால்ட் மிகுந்த, நிறம் ஆழ்ந்த பியர்கள் என்பது பொது விதி. பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட், பழைய பாணி ஓல்ட் ஏல், பெல்ஜியத்துத் துறவி மடங்களின் ரோஷ்ஃபோர் 10, ஷிமே நீலச் சீட்டு, வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12 ஆகியவை இவ்வகையின. ஹாப் மணத்துக்காகவே வாங்கும் பியரை ஒரு நாளும் வைத்திருக்கலாகாது. அதை வீரியத்தின் பேரில் ஏமாந்து, "வைத்தால் இன்னும் நன்றாகும்" என்று அலமாரியில் பூட்டுகிறவர்கள், காய்ச்சியவன் சிரமப்பட்டுச் சேர்த்த சிறப்பையே வீணடிக்கிறார்கள் என்பேன்.

விதிக்கு விலக்கும் உண்டு, அதுவும் ரசமானது. பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்து பியரின் சீட்டில் அச்சிடும் வீரியம் 6.2 சதவீதமே. எனினும் புட்டியில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்டைச் சேர்ப்பதால், சாதாரண ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரைகளையும் அது மெல்ல உண்டு, பியரை மாதந்தோறும் வறட்சியானதாக்கி, வீரியத்தைச் சற்றே உயர்த்தி, தோல், வைக்கோல், மண் முதலிய விசித்திர மணங்களைத் தந்துகொண்டிருக்கிறது. இளசில் ஹாப்பும் முற்றலில் இம்மணங்களும் ஓங்குவதால், இரண்டையும் அருகருகே வைத்து அருந்துவது அதன் ரசிகர்களுக்கு ஒரு தனி விருந்து. இந்த ஈஸ்டைக் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் நீல்ஸ் ஹெல்ட்டே கிளாஸன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தது, முதிர்ந்த ஆங்கிலேய பியர்களை ஆராய்ந்ததன் பயனாகவே என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்துக் கூஸ் பியரோ, ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு முதிர்ந்த லாம்பிக் என்னும் புளிப்பு பியரைக் கலந்து அடைப்பதாகும். புளிப்பும் காட்டு ஈஸ்டுமே அதற்குக் கவசமாதலால், குறைந்த வீரியத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அலுக்காமல் நிற்கும்.

வைக்கும் இடத்தைப் பற்றிப் பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். கருங்கல் நிலவறை தேவையில்லை. வேண்டுவது 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை மாறாமல் நிற்கும் குளிர்ச்சி. அதைவிட முக்கியம் இருட்டு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் புட்டிக்குள் நிகழும் ரசாயன மாறுதல்களின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். கோடையில் கொதிக்கும் மச்சில் மூன்றாண்டு வைத்த பியர் பத்தாண்டு முதிர்ந்ததன் நன்மையைப் பெறாமல், அதன் நோய்களை மட்டுமே பெறும். ஒளியோ நிமிஷக் கணக்கில் தீங்கு செய்யும். ஹாப்பின் கசப்புப் பொருளும் பியரிலுள்ள ரைபோஃப்ளேவினும் வெளிச்சம் பட்டுச் சேர்ந்து ஒரு கந்தகப் பொருளை உண்டாக்க, மிகச் சொற்ப அளவிலேயே துர்நாற்றம் மூக்கில் அடிக்கும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கும்; பச்சையும் வெள்ளையும் காப்பதில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்தால் கெடுதல் இல்லை, ஆனால் எல்லா மாறுதலும் மந்தமாகிவிடும்.

உலோக மூடியிட்ட புட்டியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். காற்றோடு உறவாடும் பரப்பு அதனால் குறைகிறது. ஈஸ்டின் வண்டலும் அடியில் ஒழுங்காகப் படிகிறது. தக்கையடைத்த கூஸ் புட்டிகளை மட்டும் படுக்கவைப்பது அவ்வூர் வழக்கம்.

இதில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. ஒரே ஒரு புட்டியை வாங்கி இருபதாண்டு தவமிருப்பதால் பயன் சொற்பம்; இருபதாம் ஆண்டில் திறக்கும்போது அது இளமையில் எப்படி இருந்ததென்று ஒப்பிட ஆதாரமே இராது. ஒரே ஆண்டில் அடைத்த ஆறு புட்டிகளை வாங்கி, முதலாவதை அன்றே திறந்து அருந்தி, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி, மற்றவற்றின் கழுத்தில் வாங்கிய தேதியைச் சீட்டாக ஒட்டி, ஆண்டுக்கொன்றாகவோ ஈராண்டுக்கொன்றாகவோ திறந்து வருவதே அறிவுள்ள முறை. முதிர்ச்சி ஒரே சீராக ஏறுவதில்லை. ஃபுல்லர்ஸ் ஆண்டு வரிசையைத் தொடர்ந்து ருசித்தவர்கள், இரண்டாம் மூன்றாம் ஆண்டில் மங்கிச் சப்பென்று தோன்றிய பியர் பிறகு மீண்டும் எழுச்சி பெற்றதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இறக்கத்தில் ஒரு புட்டியைத் திறந்து ஏமாந்து மற்றவற்றை மலிவாகத் தள்ளிவிடுவது பொறுமையின்மை. உச்சத்தை அடைந்துவிட்டது என்று குறிப்பேடு சொல்லியும் மனம் வராமல் பூட்டி வைத்திருப்பது லோபம். பெரும்பாலான வீரியமுள்ள பியர்கள் மூன்றுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தம் சிறந்த நாளைக் காணும். ராட்கிளிஃப் புட்டிகளைப் போன்றவை அபூர்வங்கள்; அவற்றைக் கண்டு மயங்கி எல்லாவற்றையும் நூறாண்டுக் கணக்கில் திட்டமிடுவது கூடாது. அரிதான புட்டிகளை லாபத்துக்கு விற்கும் நோக்கத்தோடு சேர்ப்பவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல நல்ல வார்த்தை இல்லை. அவர்கள் வைத்திருப்பது கண்ணாடியும் சீட்டும்தான்.

திறக்கும் நாளில் அவசரம் ஆகாது. புட்டியை ஒரு நாளாவது அசையாமல் நிமிர்த்தி நிறுத்தி, 12 டிகிரி அளவிலான மிதக் குளிர்ச்சியில், சிறு கிண்ணங்களில், வண்டல் கலங்காமல் ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும். 12 சதவீதப் பியர் தாகத்துக்கு அருந்துவதன்று. ஒரு புட்டி மூன்று நான்கு பேருக்குப் போதுமானது, இரவு உணவு முடிந்தபின் ஸ்டில்டன் பாற்கட்டியோடு உட்காருவதற்கு ஏற்றது. நுரை இராது என்று எதிர்பார்த்தே திறக்க வேண்டும். வயதான பார்லி ஒயினில் வாயு அடங்கிப் போவது குற்றமில்லை. காடிப் புளிப்பு ஏறியிருந்தாலோ, அட்டை வாடை மேலோங்கியிருந்தாலோதான் அதன் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

புளித்துவிட்டதைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் வெறுமனே சோர்ந்து, தட்டையாகி, மால்ட்டின் இனிப்பு மட்டும் எஞ்சியதை ஆங்கிலேய இல்லத்தரசிகள் வீணாக்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் பருவம் தொடங்கும் முன் வரும் கடைசி ஞாயிற்றுக்கிழமையில், திராட்சை வற்றலும் கொழுப்பும் ரொட்டித் தூளும் மசாலாவும் சேர்த்துக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் ஒரு சுற்றுக் கிளறும் புட்டிங் மாவில் அதை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டி, கிறிஸ்துமஸ் வரையிலோ, பொறுமையுள்ள வீடுகளில் அடுத்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் வரையிலோ அதே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.